உடல் எடையும் இதயமும்: யாரிடம் போவது, என்ன கேட்பது?

என் சித்தப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு இன்னொரு டாக்டர், பிரஷர் மாத்திரைக்குத் தெருமுனை மருந்துக் கடை என்று அலைந்தவர். கடைசி மூன்று வருடத்தில் அவர் இடுப்பை டேப் வைத்து அளந்தவர் ஒரே ஒருவர்தான், எங்கள் தெரு டெய்லர். இரண்டு முறை பேண்ட்டைப் பிரித்து அகலம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். வேறு யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

இப்போது நான் ஒரு பொது மருத்துவரின் கிளினிக்கில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எடை தனி, இதயம் தனி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

எடையும் குறைய வேண்டும், இதயமும் நன்றாக இருக்க வேண்டும். முதலில் எந்த டாக்டரிடம் போவது?

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல பொது மருத்துவரிடம். குடும்ப டாக்டராக இருந்தாலும் சரி, எம்.டி. பொது மருத்துவம் படித்தவராக இருந்தாலும் சரி. எடை, இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஒருவர் உங்களுக்கு வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே தாளை எடுத்து, போன தடவைக்கு இந்தத் தடவை என்ன ஆயிற்று என்று கேட்பவராகவும் இருக்க வேண்டும்.

அதற்கு மேல் யார் தேவை என்பதை அவரே சொல்வார். நெஞ்சில் அழுத்தம், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு, இப்படி ஏதாவது இருந்தால் இதய மருத்துவர். சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டாலோ, தைராய்டு, அட்ரினல் போன்ற சுரப்பிகளில் சந்தேகம் இருந்தாலோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட். ஆபரேஷன் வரை யோசிக்க வேண்டிய எடை என்றால் பேரியாட்ரிக் சர்ஜன். மாதவிடாய் ஒழுங்காக வராமல் முகத்தில் முடியும் பருவும் சேர்ந்து எடையும் ஏறுகிற பெண்களுக்கு மகளிர் மருத்துவர். இவர்கள் எல்லோரோடும் ஒரு டயட்டீஷியன்.

நேராகப் போய் ஒரு பெரிய நிபுணரைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் நான்கு நிபுணர்கள் நான்கு சீட்டு எழுதிக் கொடுத்து, அந்த நான்கையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை என்றால், என் சித்தப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

'ஒபிசிட்டி ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு பார்க்கிறோமே, அதற்குத் தனிப் படிப்பு உண்டா?

இந்தியாவில் இதயத்துக்கு டி.எம். கார்டியாலஜி இருக்கிறது, ஹார்மோனுக்கு டி.எம். எண்டோகிரைனாலஜி இருக்கிறது. உடல் பருமனுக்கு என்று அப்படி ஒரு எம்.டி.யோ டி.எம்.மோ கிடையாது. அமெரிக்காவில் 2011-இல்தான் இதற்கென்று தனி வாரியம் அமைத்துத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் பொது மருத்துவம், ஹார்மோன், அறுவை சிகிச்சை என்று ஏதோ ஒரு துறையில் படித்துவிட்டு, கூடுதல் பயிற்சியும் அனுபவமும் சேர்த்துக்கொண்டவர்கள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். பலர் மிக நன்றாகவே செய்கிறார்கள்.

அதனால் போர்டில் இருக்கும் பட்டத்தைவிட, சீட்டில் இருக்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் போட வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். எம்.பி.பி.எஸ். கூட இல்லாமல் 'ஸ்லிம்மிங் சென்டர்' நடத்துகிற இடத்தில் மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல நிபுணர் என்று முதல் தடவையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

பிரஷர் பார்க்கும் பட்டையைக் கவனியுங்கள். கை பருமனாக இருப்பவருக்குச் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால், இருப்பதைவிடக் கூடுதலாகப் பிரஷர் காட்டும். சில பேருக்கு இதனாலேயே தேவையில்லாத மாத்திரை ஏறிவிடும். விவரம் தெரிந்த டாக்டரிடம் பெரிய பட்டை ஒன்று தனியாக இருக்கும். இன்னும் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி இருக்கிறதா? எடை மெஷின் 150 கிலோவுக்கு மேல் தாங்குமா? எடையைச் சத்தமாகப் படிக்காமல் எழுதிக்கொள்கிறாரா?

அப்புறம், அவர் திட்டுகிறாரா என்று பாருங்கள். "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் அனுப்பி வைப்பவர் உங்கள் எடையைப் பற்றி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எப்போதிலிருந்து ஏற ஆரம்பித்தது, என்ன வேலை, நைட் ஷிஃப்டா, தூக்கம் எப்படி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின், சில வலிப்பு மருந்துகள் எல்லாம் எடையை ஏற்றும். அவமானப்பட்டு வெளியே வருகிறவர்கள் அடுத்த இரண்டு வருடத்துக்கு எந்த டாக்டரிடமும் போவதில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் பிரஷரும் சர்க்கரையும் சத்தம் போடாமல் ஏறுகின்றன.

நான் குண்டு இல்லையே, கொஞ்சம் தொப்பை மட்டும்தான். எனக்கு எதற்கு இதெல்லாம்?

உங்களுக்காகத்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு மேலே வைத்திருக்கிறேன்.

போன மாதம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் வந்தார். எடை 70 கிலோ, உயரம் 170 செ.மீ. "என் பேண்ட் சைஸ் 34 தாம்மா, பத்து வருசமா மாறல" என்றார். "சரி அண்ணே, சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நின்றது. 34 என்பது அந்தக் கீழ் இடத்தின் அளவு. கடைசி விலா எலும்பை விரலால் தொட்டு, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தொட்டு, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். "மூச்சை விடுங்க" என்றதும் டேப் நான்கு செ.மீ. நகர்ந்தது. 97. அவர் கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. என்பதுதான் எல்லை. இன்னும் எளிதாக ஒரு கணக்கு: உங்கள் இடுப்பளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அந்த அண்ணனுக்கு 85-க்குள் இருந்திருக்க வேண்டும்.

பி.எம்.ஐ. 25 வரை நார்மல் என்று படித்திருக்கிறேன். நமக்கு மட்டும் ஏன் 23?

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அந்த மளிகைக் கடை அண்ணனுக்கு 24.2. வெளிநாட்டு அட்டவணைப்படி அவர் நார்மல்.

புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் நிறையப் பேர் இப்படித்தான். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை தேவை என்று சொன்னது. 2009-இல் இந்திய நிபுணர்கள் 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று வரையறுத்தார்கள். 2025 ஜனவரியில் அதைத் திருத்தி, 23-க்கு மேல் இருந்தும் உடலுக்குப் பாதிப்பு இல்லாத நிலை, வயிற்றுக் கொழுப்போடு நோயும் சேர்ந்துவிட்ட நிலை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். எண்ணை மட்டும் பார்க்காமல் உடல் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். 23 என்று வைத்துப் பார்த்தால் இன்னும் கூடும்.

தொப்பைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? கொழுப்பு வயிற்றில்தானே இருக்கிறது?

தோலுக்குக் கீழே, கிள்ளினால் கையில் வருகிற கொழுப்பு ஒரு வகை. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் உட்காரும் கொழுப்பு வேறு வகை. இந்த உள் கொழுப்பு சும்மா இருக்காது. கொழுப்பு அமிலங்களை நேரே கல்லீரலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கல்லீரல் அதை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடும். நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறையும். இன்சுலின் சரியாக வேலை செய்யாது. பிரஷர் ஏறும். ரத்தக் குழாயின் உள் சுவரில் மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவரில்தான் கொழுப்புப் படிந்து அடைப்பாகிறது.

கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான காரணங்களில் பத்தில் ஒன்பது பங்கு நாம் அளக்கக்கூடிய ஒன்பது விஷயங்களில் அடங்கிவிடுகிறது என்று காட்டியது. வயிற்றுப் பருமன் அதில் ஒன்று. புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், சர்க்கரை, மன அழுத்தம், உணவில் காய்கறி பழம், உடற்பயிற்சி, மது ஆகியவை மற்றவை. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்பே, சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. என் சித்தப்பாவின் வயதை ஒட்டிய எண். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் தடவை என்னென்ன டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள்?

வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி., கொலஸ்ட்ரால் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, தைராய்டு, சிறுநீர், ஈசிஜி. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ஐந்தாயிரம், பத்தாயிரம் ரூபாய் 'பேக்கேஜ்' எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஒரு பரிசோதனை மட்டும் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. லிப்போபுரோட்டீன் ஏ. ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புத் துகள் இது, பரம்பரையாக வருவது. சாப்பாட்டாலோ நடையாலோ பெரிதாக மாறாது. அதனால் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தாலே போதும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மி.கி.க்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் கூடுதல் கண்டிப்பு வேண்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஈசிஜி நார்மல் என்று வந்துவிட்டது. பயப்பட வேண்டாம்தானே?

ஈசிஜி அந்த நிமிடத்து மின்னோட்டத்தைக் காட்டும். குழாயில் பாதி அடைப்பு இருக்கும்போதுகூட அது நார்மலாக இருக்கலாம். நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?

ஆளுக்கு ஆள் மாறும். லேப் தாளில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' எல்லோருக்கும் பொருந்தாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 100-க்குள், சர்க்கரை, பிரஷர் போன்றவை உள்ள ஆபத்து மிகுந்தவர்களுக்கு 70-க்குள், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு 55-க்குள். "என் ஆபத்து எந்த வகை, என் இலக்கு எவ்வளவு?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் லேப் தாளில் 95 என்று பார்த்து, நார்மல் வந்துவிட்டது என்று கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவதை அடிக்கடி பார்க்கிறேன். மாத்திரை சாப்பிட்டதால்தான் அந்த 95. அவர்களுக்கு 95-ம் அதிகம். ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை வலி வரும், சிலருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடும். டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். வலி வந்தால் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதே, போட்டுக்கொள்ளலாமா?

இப்போது தினம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். சாப்பிட்ட பிறகு குடல் தானாகச் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவை இந்த ஊசிகள். பசியைக் குறைக்கும், வயிறு மெதுவாகக் காலியாகும். இவற்றில் டிர்செபடைடு என்ற மருந்து இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும். இந்தியாவில் அது மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளுடைடு வீகோவி என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் வந்தன.

பலன் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. செமாகுளுடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தது. டிர்செபடைடின் அதிக டோஸில் 72 வாரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது. இதயத்துக்கு என்ன பலன் என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ உள்ள, சர்க்கரை இல்லாத, எடை கூடிய 17,604 பேரிடம் செமாகுளுடைடை வைத்து நடந்த செலக்ட் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தது. கை விரலில் எண்ணிச் சொன்னால், மூன்று சொச்சம் வருடத்தில் நூறு பேரில் எட்டுப் பேருக்கு வரவேண்டியது ஆறரைப் பேருக்கு வந்தது. இரண்டு எண்ணும் உண்மைதான். இரண்டாவதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

யாருக்குக் கூடாது? குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆரம்பத்தில் நிறையப் பேருக்கு வரும். கொழுப்போடு தசையும் கரையும். அதனால் பருப்பு, முட்டை, மீன், பயறு என்று புரதம் குறையாமல் சாப்பிட்டு, தசைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும். நிறுத்தினால்? செமாகுளுடைடை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பிரஷர் மாத்திரை மாதிரி இதையும் நீண்ட நாள் மருந்தாக நினைத்து, செலவையும் அப்படியே கணக்குப் போட்டு ஆரம்பியுங்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, பத்துக் கிலோ குறையணும் என்று போட வேண்டிய மருந்து இல்லை இது.

தெரிந்தவரின் பேனா ஊசியில் மீதி இருக்கிறது என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. தயவு செய்து வேண்டாம்.

எடை குறைக்கும் மாத்திரை இதயத்தைக் கெடுக்கும் என்று அப்பா சொல்கிறாரே?

அப்பா சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. ஃபென்ஃப்ளூரமைன் என்ற மருந்து இதய வால்வைப் பாதித்ததால் 1997-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. சிபுட்ரமைன் இதய நோயாளிகளுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியதால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், அடுத்த ஆண்டு இந்தியாவிலும் நிறுத்தப்பட்டது. அதனால்தான் புது மருந்துகளை இதயத்தை வைத்துத் தனியாகச் சோதித்தார்கள். இன்றும் 'மூலிகை' என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் சில எடைக் குறைப்புப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சிபுட்ரமைன் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. லேபிளில் அது இருக்காது. படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

எடை குறைக்கும் ஆபரேஷன் யாருக்கு?

சர்வதேச அறுவை சங்கங்கள் 2022-இல் ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று தளர்த்தியிருக்கின்றன. ஆனால் இங்கே பல சர்ஜன்கள் நோய்கள் சேர்ந்திருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5 என்ற பழைய கணக்கையே இன்னும் கையாள்கிறார்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இதய நோயால் வரும் சாவு குறைந்தது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தேவைப்படும். ஆபரேஷனுக்கு முன்பே இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்குமா என்று முழுதாகச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அவசரப்படாத ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுங்கள்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

100 கிலோ இருப்பவர் 60 ஆக வேண்டியதில்லை. ஐந்து முதல் பத்துக் கிலோ குறைந்தாலே பிரஷர், சர்க்கரை, டிரைகிளிசரைடு எல்லாம் இறங்க ஆரம்பிக்கும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சர்க்கரை உள்ள 5,145 பேரில் பாதிப் பேரை உணவு, பயிற்சி மூலம் எடை குறைக்கவைத்து, மற்றப் பாதியோடு ஒப்பிட்டு ஏறக்குறைய பத்து வருடம் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வந்தது. எடை குறைத்தவர்களுக்குச் சர்க்கரையும், தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதும் நன்றாகக் குறைந்தன. ஆனால் மாரடைப்பு எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. எடை குறைந்துவிட்டது, இனி பிரஷர் மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் வேண்டாம் என்று இருந்துவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்லாம் சேர்ந்துதான் இதயத்தைக் காக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களுக்குச் சர்க்கரை வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! மெஷினில் முள் நகரவில்லை என்று நடையை விட்டுவிடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி.

சோற்றை நிறுத்த வேண்டுமா? கொள்ளு குடித்தால் கொழுப்பு கரையுமா?

சோற்றை நிறுத்தச் சொல்லி நான் யாரையும் அனுப்பியதில்லை. வீட்டில் சோறு போடும் கரண்டியைக் கொண்டுவரச் சொல்வேன். ஒரு அக்கா பெரிய எவர்சில்வர் கரண்டியைப் பையிலிருந்து எடுத்தார். "ரெண்டு கரண்டிதான் சாப்பிடுவேன்" என்பது அவர் கணக்கு. எங்கள் கிளினிக் கப்பில் கொட்டி அளந்தால் ஒரு கரண்டி இரண்டு கப் பிடித்தது. ஆக மதியம் மட்டும் நான்கு கப் சோறு. அதை ஒரு கரண்டியாக்கி, அந்த இடத்தில் கூட்டு, பொரியல், சுண்டல், மீன் அல்லது முட்டை வைத்தோம். ராத்திரி மூன்று இட்லியோடு பாசிப்பருப்பு சாம்பார். அவ்வளவுதான் மாற்றம். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தார், டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியது. இந்தியர்களுக்குச் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு. குறைக்க வேண்டியது அங்கேதான்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நல்ல பழமொழி. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது, வயிறு நிறையும், பசி தாங்கும். ரசம் வையுங்கள், சுண்டல் செய்யுங்கள். ஆனால் காலையில் கொள்ளுத் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து மணிக்கு இரண்டு போண்டா சாப்பிட்டால் எதுவும் கரையாது. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மிகாமல், உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாம் அந்த ஒரு ஸ்பூன் கணக்கில் சேரும்.

எடை ஏறத் தைராய்டுதான் காரணமோ?

குறைவாகச் சுரந்தால் சில கிலோ ஏறும். முப்பது கிலோ ஏறாது. டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், இருந்தால் மாத்திரை சாப்பிடுங்கள், மற்ற வேலைகளை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் பயங்கரமாகக் குறட்டை விடுகிறார். அதையும் சொல்ல வேண்டுமா?

அவசியம். நடு நடுவே மூச்சு நின்று திணறி எழுந்தால் அது தூக்க மூச்சுத்திணறல். பிரஷரை ஏற்றும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் படுப்பவர்தான். தூங்குகிறவருக்குத் தெரியாது.

செலவு செய்ய வசதியில்லை. என்ன வழி?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள், மாத்திரையும் தருவார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். பெரிய பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இதயப் பிரிவு இருக்கிறது. 2023 நவம்பரில் ஆரம்பித்த 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் எல்லா மாவட்டத்திலும் 8 கி.மீ. நடைபாதை குறித்து வைத்திருக்கிறார்கள். எட்டையும் முதல் நாளே நடக்க வேண்டாம். இரண்டில் ஆரம்பியுங்கள்.

இடுப்பளவு டேப் பத்து, இருபது ரூபாய். அதை வாங்கிவிடுங்கள்.

நெஞ்சு வலி வந்தால் கேஸா, ஹார்ட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. என் சித்தப்பா கேஸ் என்று நினைத்தார். சித்தி ஓமத் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் சோடா, அப்புறம் சுடுதண்ணீர் ஒத்தடம். வேர்த்துக் கொட்டியது, ஃபேனை வேகமாக வைத்தார்கள். நான்கு மணி நேரம் போயிற்று.

நெஞ்சின் நடுவில் பாறை வைத்த மாதிரி அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சு முட்டல் என்று ஏதாவது பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பு, குமட்டல், மூச்சு வாங்கல் என்று வரலாம். அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேலே அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையம் எது, ராத்திரி திறந்திருக்குமா என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

வலிக்கிறவரை பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். மாடியிலிருந்து நடந்து இறங்கவும் விட வேண்டாம். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குங்கள். பழைய ஈசிஜி, மாத்திரைச் சீட்டு, அந்த ஐந்து எண்கள் எழுதிய தாள் எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும்.